பாசியா, புல்லா? ராமநாதபுரம் கரையில் முதன்முதலாக இறங்குபவர்களுக்கு

பல வருடங்களுக்கு முன்னால், வேதாளைக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். கை நிறைய நீளநீளமான பச்சை. பாசி எடுத்து முடித்துக் கரையேறிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம், "இது எந்தப் பாசிக்கா?" என்று கேட்டேன்.

"என்ன தம்பி, புல்லப் புடுங்கி வச்சுக்கிட்டு பாசிங்குறீக?"

கையிலிருந்து ஒன்றை வாங்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். சேற்றோடு வெள்ளையாக ஒரு தண்டு, அதிலிருந்து நூல்நூலாக வேர். "பாசிக்கு ஏது வேரு? அது கல்லப் புடிச்சுக்கிட்டு நிக்கும். இது மண்ணப் புடிச்சுக்கிட்டு நிக்கும்."

அதுவரை நான் நிறத்தையும் பெயரையும் வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து முதல் கேள்வி மாறிவிட்டது: இது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? கல்லையா, மண்ணையா, இன்னொரு செடியையா, அல்லது எதையுமே பிடிக்காமல் மிதக்கிறதா? இந்தக் கரைக்குப் புதிதாக வருபவர்களுக்கும் அதே கேள்வியைத்தான் கொடுக்கிறேன். பெயர்கள் பின்னால் தானாக வரும்.

முதலில் காற்று

ராமநாதபுரத்துக்கு இரண்டு கடல். பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் இருப்பது வடகடல், பெண்கடல் என்றும் சொல்வார்கள். தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல், ஆண்கடல். வாடைக்காற்று வீசும் அக்டோபர் முதல் ஜனவரி வரை வடகடல் கலங்கிக் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் காற்று அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை தலைகீழ். ஆக, எந்த மாதம் வந்தாலும் ஏதோ ஒரு பக்கம் தண்ணீர் தெளிவாக இருக்கும். இந்த வசதி வேறு பல கடற்கரைகளுக்கு இல்லை. வெளியூரிலிருந்து வருபவர்கள் ஜூலையில் நேராகத் தென்கடலுக்குப் போய், கலங்கிய அலையைப் பார்த்துவிட்டு, "ஒன்றுமே இல்லையே" என்று திரும்பிப் போகிறார்கள். அன்றைக்கு வடகடல் கரையிலுள்ள அரியமான் பக்கம் போயிருக்க வேண்டும்.

அடுத்து நிலவு. இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத் கரைகளைப் போலக் கடல் கிலோமீட்டர் கணக்கில் விலகிப் போகாது. அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், நீர் வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கரையில் இருக்க வேண்டும். பாசி எடுக்கும் பெண்களும் இந்த நாட்களை ஒட்டித்தான் இறங்குகிறார்கள்.

"ராமேசுவரத்தில் கடல் உள்வாங்கியது, மக்கள் அச்சம்" என்று தொலைக்காட்சியில் அவ்வப்போது செய்தி வருமே, கவனித்திருப்பீர்கள். பெரும்பாலும் காற்றும் நிலவும் சேர்ந்து வடகடல் நீரைத் தள்ளிவிட்ட நாளாகத்தான் அது இருக்கும். நிலநடுக்கமோ சுனாமி எச்சரிக்கையோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் அது நமக்கு அதிர்ஷ்ட நாள். படகில் போய்ப் பார்க்க வேண்டியதையெல்லாம் செருப்போடு நடந்தே பார்த்துவிடலாம்.

பைக்குள் என்னென்ன

பழைய ரப்பர் ஷூ, தொப்பி, குடிதண்ணீர். அடி வெள்ளையாக உள்ள ஒரு தட்டு அல்லது டிபன் மூடி. கறுப்புப் பின்னணியில் தெரியாத சின்ன உயிர்கள் வெள்ளையில் பளிச்சென்று தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பென்சில், நோட்டு. பென்சில் என்றால் பென்சில்தான், பேனா மை கடல்நீரில் கரைந்து ஓடிவிடும். ஒரு எலுமிச்சம்பழம். அது குடிப்பதற்கில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பிளாஸ்டிக் பையில் அள்ளிப் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். முதல் வருடம் நான் அப்படி ஒரு கட்டைக் கொண்டு மதியப் பேருந்தில் ஏறினேன். ராமநாதபுரம் வருவதற்குள் உள்ளே எல்லாம் கூழாகி, நடத்துநர் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னையும் பையையும் வழியிலேயே இறக்கிவிட்டார். அவர் செய்தது சரி. ஈரத் துணியில் சுற்றிக் காற்றுப் போகும் கூடையில் வைத்தால் பாதி நாள் தாங்கும்.

கடலுக்கு முன் ஊரணி

கடலைப் பார்க்க வந்தவரை ஊரணிக்கு அனுப்புகிறேனே என்று நினைக்க வேண்டாம். அலை இல்லாத, கலங்காத தண்ணீரில் கண்ணைப் பழக்கிக்கொள்வது எளிது. இந்த மாவட்டத்தில் வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழை. கார்த்திகை, மார்கழியில் நிரம்பும் கண்மாய் சித்திரை, வைகாசியில் வெடித்துப் பாளமாகக் கிடக்கும். இந்த நிரம்பலுக்கும் காய்தலுக்கும் நடுவில்தான் இங்குள்ள நீர்ச்செடிகளின் மொத்த வாழ்க்கையும். கொட்டி மண்ணுக்குள் கிழங்காகப் பதுங்கிக்கொள்ளும். ஆரைக்கீரை மிளகு போலக் கெட்டியான ஒரு காய்க்குள் தன் வித்துகளை மூடிவைத்துப் பல வருட வறட்சியைக் கூடத் தாண்டிவிடும்.

தை மாதத்தில் ஏதாவது ஒரு கண்மாய்க்குப் போங்கள். கரையிலிருந்து உள்ளே ஒரு கோடு போட்டது போலப் பாருங்கள். ஈரக் கரையில் ஆரையும் நீர்முள்ளியும். கணுக்கால் நீரில் கோரை, சம்பு. இடுப்பளவில் இலையை மட்டும் மேலே விரித்திருக்கும் அல்லியும் கொட்டியும். இன்னும் உள்ளே முழுக்க மூழ்கிய ஹைட்ரில்லா. பள்ளிக்கூடத்தில் கவிழ்த்த புனலுக்குள் குமிழி விட்டதே, அதேதான். எல்லாம் மண்ணைப் பிடித்தவை. ஆழம் கூடக்கூட ஆள் மாறுகிறார்கள், அவ்வளவுதான். எதையும் பிடிக்காமல் காற்றடித்த திசைக்குப் போவது வெங்காயத்தாமரை. காலையில் கிழக்குக் கரையில் பார்த்ததைச் சாயங்காலம் மேற்கே பார்க்கலாம்.

மூழ்கிய செடிகளுக்கு நடுவே சொரசொரப்பாக, சாம்பல் பூத்த பச்சையில், வட்டவட்டமாகக் குச்சிகள் அடுக்கியதுபோல ஒன்று கிடைத்தால் நசுக்கி முகர்ந்து பாருங்கள். பூண்டு வாடை அடித்தால் அது காரா. பார்வைக்குச் செடி, உண்மையில் பாசி. அதன்மேல் படிந்திருப்பது சுண்ணாம்பு. காயவைத்து எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். பழம் இதற்குத்தான்.

தண்ணீர் முழுக்கப் பச்சையாக இருந்தால் ஒரு குச்சியை விட்டுத் தூக்குங்கள். குச்சியில் தலைமுடி மாதிரித் தொங்கினால் இழைப்பாசி. தொட்டுப் பார்த்தால் வழுக்கும், பயப்பட ஒன்றுமில்லை. சுவருக்கு அடிக்கும் பெயின்ட் மாதிரிக் குச்சியில் பூசிக்கொண்டால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஓரிரவு அசையாமல் வையுங்கள். நீலப்பச்சைப் பாசியின் செல்லுக்குள் காற்றுப் பைகள் உண்டு, காலையில் மேலே ஏடு கட்டியிருக்கும். மற்றப் பச்சைப் பாசிகள் பெரும்பாலும் அடியில் படியும். ஏடு கட்டியிருந்தால் அந்த ஊரணியில் மாடு கன்றுகளை இறக்காதீர்கள், நீங்களும் குளிக்காதீர்கள். அவற்றில் சில வகைகள் ஈரலைப் பாதிக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன.

குடிநீர் ஊரணியில் செருப்புப் போட்டு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்று கிராமங்களில் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள் அல்லவா? புனிதம் ஒருபுறம் இருக்கட்டும். சோப்பும் சாணமும் கொண்டுவரும் உப்புச்சத்துகள் உள்ளே போகாமல் இருந்தாலே பாசி பெருகாது. அந்தக் கட்டுப்பாட்டை வைத்தவர்களுக்குப் பாஸ்பேட் என்ற சொல் தெரிந்திருக்காது, கணக்கு தெரிந்திருந்தது.

வடகடலில் புல்

இனி கடல். முதல் நாள் தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம். அரியமான், பிரப்பன்வலசைப் பக்கம் அலை ஒதுக்கிப்போட்ட வரியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும். கறுத்துப்போன நாடா போன்ற குவியல்கள் கிடக்கும். குப்பை என்று தாண்டிப் போவார்கள். அத்தனையும் கடல்புல்.

ஒன்றை எடுத்துத் தட்டில் கடல்நீர் ஊற்றிப் போடுங்கள். இது பாசி அல்ல. வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாம் உள்ள பூக்கும் தாவரம். நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிப்போன கூட்டம். பூந்தாது தண்ணீரிலேயே மிதந்து போய் மகரந்தச் சேர்க்கை நடக்கிறது. இலையைக் குறுக்கே கிள்ளித் தண்ணீருக்கடியில் மெல்ல அழுத்துங்கள். சிறுசிறு குமிழ்கள் வரும். இலையிலிருந்து வேர்வரை காற்று போகும் குழாய்களிலிருந்து வருபவை அவை. கடல்புல் நிற்கும் சேற்றைத் தோண்டினால் கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆக்சிஜன் இல்லாத மண். அதில் வேர் உயிரோடு இருக்க வேண்டுமானால் மேலிருந்து காற்று இறக்கித்தான் ஆக வேண்டும்.

இலையின் நுனியை லென்ஸில் பாருங்கள், வகை பிரிக்கும் வித்தை அங்கேதான் இருக்கிறது. நுனி ரம்பப் பல் போல இருந்தால் சைமோடோசியா செருலேட்டா. நுனி உருண்டு, இலை அரிவாள் போல லேசாக வளைந்து, அடித்தண்டில் இலை உதிர்ந்த தழும்புகள் நெருக்கமாக இருந்தால் தலாசியா. இலை நாடாவாக இல்லாமல் கோணி ஊசி போல உருண்டையாக இருந்தால் சிரிங்கோடியம். மெல்லிசான இலை, நுனியில் மூன்று பல் என்றால் ஹாலோடூல். இரண்டிரண்டாகச் சின்ன முட்டை வடிவ இலை என்றால் ஹாலோஃபிலா. ஆளுயரத்துக்குக் கிட்டே வளர்ந்து, அடியில் பன்றி முடி போலக் கறுப்பு நார் சூழ்ந்திருப்பது என்ஹாலஸ். முதல் மாதம் இந்த ஆறு போதும். மற்றவை மெதுவாக வரட்டும்.

ஒரே ஓர் இலையில் நான் ஒரு காலைப்பொழுது முழுவதையும் செலவழித்திருக்கிறேன். தலாசியா இலை, ஒரு சாண் நீளம். அடிப்பகுதி பளபளவென்று சுத்தமான பச்சை. நடுவே வந்தால் பழுப்பு மாவு தூவினதுபோல ஒரு பூச்சு. லென்ஸில் அது டயாட்டம் என்னும் நுண்பாசிக் கூட்டம். இன்னும் மேலே ரோஜா நிறத்தில் வட்டவட்டமாகச் சுண்ணாம்புப் புள்ளிகள், அவையும் பாசிதான், சிவப்புப் பாசி. நுனியில் வெள்ளைச் சுருள் ஒன்று, நத்தைச் சுருள் போல. அது ஒரு புழு கட்டிய வீடு. பக்கத்தில் ஒரு குட்டி நத்தை பழுப்பு மாவை நக்கிக்கொண்டே போனது, பின்னால் பச்சையாக ஒரு பாதை தெரிந்தது. இலை அடியிலிருந்து வளர்வதால் நுனிதான் வயதானது. ஒவ்வொரு விரற்கடைக்கும் ஒரு வயது, ஒவ்வொரு வயதுக்கும் வேறு குடித்தனம். இங்கே பிடிமானம் கல்லும் இல்லை, மண்ணும் இல்லை, இன்னோர் இலை.

இந்தப் புல்தரையை நம்பித்தான் வடகடல் இறாலும் நண்டும் குஞ்சு பருவத்தைக் கழிக்கின்றன. கடல்பசுவும் இதைத்தான் மேய்கிறது. இந்தப் பக்கத்து மீனவர்கள் அதை ஆவுளியா என்பார்கள். ஒன்று ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ புல் தின்னும். அது மேய்ந்த இடத்தில் கிழங்கோடு பறித்துப்போன வாய்க்கால் தடம் தெரியும். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரமாகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நம் மாவட்டத்திலிருந்து வடக்கே தொடரும் அதே புல்வெளிதான்.

தண்ணீருக்குள் நிற்கும் புல்லைப் பார்க்க வேண்டுமென்றால் தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறையின் படகுச் சுற்றுலா இருக்கிறது. அலையாத்திக் காடும் கடல்புல்லும் ஒரே சுற்றில் முடிந்துவிடும். குழந்தைகளோடு வருபவர்களுக்கு அதுதான் நல்லது. மற்றபடி நீங்களாகவே நடந்து இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசி இழுத்தபடி நடங்கள். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். உரசல் கேட்டால் அது விலகிப்போகும், மிதித்தால் வாலால் குத்திவிடும்.

தென்கடலில் பாசி

கல்லைப் பிடித்தவர்களின் ஊர் இது. வேதாளை, மண்டபம் தென்கரை, பாம்பன் குந்துகால், கீழக்கரை என்று பாறையும் பழைய பவளக்கல்லும் உள்ள இடமாகப் பாருங்கள். இந்தக் கரையின் பாசிகளை இன்று நேற்று எண்ணத் தொடங்கவில்லை. இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் 1920-களிலேயே குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.

பாடப்புத்தகம் பச்சை, பழுப்பு, சிவப்பு என்று மூன்று கட்டமாகப் பிரித்துவிடும். கரையில் அந்தக் கட்டம் ஏமாற்றும். கஞ்சிப்பாசி சிவப்புக் கூட்டத்தைச் சேர்ந்தது, வெயிலில் வெளிறினால் மஞ்சளாக, பச்சையாகக் கூடத் தெரியும். சந்தேகமானால் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு வேலை செய்யுங்கள். ஒரு துண்டைக் கொதிநீரில் முக்கினால் பழுப்பு சட்டென்று பச்சையாக மாறினால் அது பழுப்புப் பாசி. சூட்டில் பழுப்பு நிறமியின் பிணைப்பு உடைந்து, அது மூடியிருந்த பச்சையம் வெளியே தெரிகிறது. இன்னொரு துண்டை நல்ல தண்ணீரில் ஓரிரவு ஊறப் போடுங்கள். தண்ணீர் இளஞ்சிவப்பானால் சிவப்புப் பாசி. அதன் சிவப்புச் சாயம் நீரில் கரையக்கூடியது.

பாசி எடுப்பவர்கள் வைத்திருக்கும் பெயர்களைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். லத்தீன் பெயரைச் சொன்னால் இங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மரிக்கொழுந்து என்றால் ஜெலிடியெல்லா. பாறையோடு பாறையாக, பூச்சரத்து மரிக்கொழுந்து மாதிரியே சிறகு சிறகாக இருக்கும். அதிலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். நோன்புக்கஞ்சிக் காலத்தில் வீட்டில் கடல்பாசி செய்வார்களே, அது உறைவது இந்த அகரால்தான். கட்டக்கோரை என்பது சர்காசம். தண்டு முழுக்க மிளகளவு காற்று உருண்டைகள், அவற்றால் தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும். பக்கோடாப் பாசி டர்பினேரியா. அதை எடுத்துக் கையில் வைத்த நிமிடம், பெயர் ஏன் வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த இரண்டும் ஆல்ஜினேட்டுக்குப் போகின்றன. ஐஸ்கிரீம் கட்டியாகாமல் இருக்கவும், துணியில் சாயம் பதியவும் அது உதவுகிறது.

விலை போகாதவற்றையும் விடாதீர்கள். மயில்தோகையை விரித்தது போல, வெள்ளைக் கோடு கோடாக இருப்பது பாடினா. கொத்துக் கொத்தாகப் பச்சைத் திராட்சை போலத் தரையில் படர்வது காலெர்ப்பா. சப்பாத்திக் கள்ளியைச் சிறிதாக்கிக் கோத்தது போல இருப்பது ஹாலிமீடா. ஹாலிமீடாவில் எலுமிச்சைச் சாற்றை விடுங்கள், நன்றாகவே நுரைக்கும். அது செத்து உதிர்ந்தால் மணல். கரையின் வெள்ளை மணலை லென்ஸில் பார்த்தால் அந்தத் தட்டையான துணுக்குகளைக் கண்டுபிடிக்கலாம். பவளமும் சிப்பியும் மட்டும் மணல் கொடுக்கவில்லை.

ஒரு பாசியைக் கல்லிலிருந்து பிரிக்கப் பார்த்தால் அடியில் விரல்கள் போன்ற ஒரு பற்று தெரியும். அது வேர் இல்லை. உணவையோ நீரையோ உறிஞ்சுவதில்லை. பிடிப்பது மட்டுமே வேலை. பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கி, இந்தப் பற்றைக் கல்லிலேயே விட்டுவிட்டு மேலே உள்ளதைக் கிள்ளுகிறார்கள். பற்று இருந்தால் மறுபடி துளிர்க்கும். 2015-இல், தீவுகளின் சூழலைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருது பெற்ற சின்னப்பாலம் லட்சுமி இந்தப் பெண்களை ஒன்றுசேர்த்தவர்களில் ஒருவர். எத்தனை நாள் எடுப்பது, எப்போது நிறுத்துவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டதும் அவர்களே. அவர்களிடம் பேச ஆசையிருந்தால் கரையேறி, மூட்டையை இறக்கி, தண்ணீர் குடித்து முடிக்கும்வரை பொறுங்கள். ஆறேழு மணி நேரம் உப்பில் ஊறியவர்களிடம் உடனே கேமராவை நீட்டுவது எனக்குப் பிடிக்காத காட்சி.

பவளம் செத்த இடத்தையும் பார்க்க நேரும். நீர் சூடேறி வெளுத்துப்போன பவளத்தின்மேல் முதலில் குட்டையான இழைப்பாசி பாய் விரிக்கும். ஓரா போன்ற மேய்ச்சல் மீன்கள் இருந்தால் அதைக் கொறித்துக் கல்லைச் சுத்தமாக வைத்திருக்கும், பவளக் குஞ்சுக்கு உட்கார இடம் கிடைக்கும். மேய ஆளில்லை என்றால் பாசியே அந்தக் கல்லை எழுதி வாங்கிக்கொள்ளும்.

படகுக்குப் பதிலாக மூங்கில்

வடகடல் ஓரம் சதுரம் சதுரமாக மூங்கில் மிதவைகள் கட்டியிருப்பதைக் காண்பீர்கள். பெரும்பாலும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி. வளர்ப்பது கப்பாபைகஸ். பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி, 1990-களில் மண்டபத்தில் சோதனையாக வந்து, 2000-க்குப் பிறகு தொழிலானது. 60 கிலோ விதைத்தண்டைக் கட்டிவிட்டால் 45 நாளில் நாலு மடங்குவரை தேறும். காய்ந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். மூழ்கி மூச்சடக்க முடியாதவர்களுக்கும் வருமானம் தருகிறது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கயிற்றில் தொங்கும் இந்தப் பாசியின் ஒடிந்த துண்டு ஒவ்வொன்றும் தனிச்செடியாக வளரும். குருசடைப் பக்கம் பவளத்தின்மேல் அது படர்ந்திருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 2023 செப்டம்பரில் திருவாடானைப் பக்கம் வளமாவூரில் கடல்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். இனி மிதவைகள் கூடும். நீங்கள் கரையில் நடக்கும்போது அடர்ந்த, ரப்பர் போலத் தடித்த கிளைகள் பவளத்தின்மீது படர்ந்திருக்கக் கண்டால், படம் எடுத்து இடத்தையும் தேதியையும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பிய்த்தெறியாதீர்கள். பிய்த்தால் துண்டாகும், துண்டானால் பெருகும்.

கடலே பச்சையாகும் நாள்

எதையுமே பிடிக்காதவை கடைசியில் வருகின்றன. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் சில வருடங்களில் தென்கடல் கரையோரம் கெட்டியான பச்சையாகிவிடும். மீனவர்கள் பூங்கோரை என்கிறார்கள். நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிர். தனியே பார்த்தால் ஜவ்வரிசிக் குருணை மாதிரி, கண்ணுக்கே தெரியும் அளவு. அதன் பச்சை அதற்குச் சொந்தமானது அல்ல, உள்ளே குடியிருக்கும் நுண்பாசியுடையது. இரவில் அலை உடையும்போது நீலமாக மின்னும். 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் இது பெருகி மீன்கள் செத்து ஒதுங்கின. அது தன்னளவில் பெரிய விஷமில்லை. கூட்டமாகச் செத்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடுகிறது, அம்மோனியாவை விடுகிறது. பச்சைக் கண்மாயில் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுமே, அதே மூச்சுமுட்டல்தான்.

அப்படியொரு நாள் வாய்த்தால் கண்ணாடி டம்ளரில் அள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். நேரம், காற்றின் திசை, நிறம், செத்த மீன் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். குளிக்க வேண்டாம், ஒதுங்கிய மீனைத் தொட வேண்டாம். இரவில் மின்னுவதைப் பார்க்க வேண்டுமானால் கரையிலேயே நில்லுங்கள்.

ஒரு மாறுதலுக்கு வாலிநோக்கம் உப்பளப் பக்கமும் போய்ப் பாருங்கள். பாத்தி பாத்தியாக உப்பு ஏற ஏற மற்ற உயிர்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். கடைசிப் பாத்திகளில் நீர் ரோஜா நிறமாக இருந்தால் அது துனாலியெல்லா என்ற பாசியும், உப்பை விரும்பும் நுண்ணுயிர்களும் சேர்ந்து போட்ட சாயம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின்

ஒதுங்கிக் கிடந்ததை மட்டும் எடுங்கள், வகைக்கு ஒன்று. நிற்பதைப் பிடுங்க வேண்டாம். பவளம் செத்த துண்டாக இருந்தாலும் தொடாதீர்கள். கடல்விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாமே வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளவை. 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. "நான் கூட்டிப்போறேன் சார்" என்று யாராவது படகை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மாட்டுவது நீங்கள் இரண்டு பேரும்தான்.

பதப்படுத்துவது இப்படி: அகலத் தட்டில் கடல்நீர் ஊற்றிப் பாசியை மிதக்கவிடுங்கள். கெட்டியான டிராயிங் தாளை அடியில் நுழையுங்கள். பெயின்ட் பிரஷ்ஷால் கிளைகளைப் பிரித்து விரித்து, தாளோடு ஒரு பக்கமாகச் சாய்த்துத் தூக்குங்கள். நீர் வடிந்ததும் மேலே பழைய வேட்டித் துணி, அதன்மேலும் கீழும் செய்தித்தாள், அதன்மேல் கனமான பலகை. முதல் மூன்று நாள் காலை, மாலை செய்தித்தாளை மாற்ற வேண்டும், துணியை எடுக்கக் கூடாது. சிவப்புப் பாசிகள் தங்கள் பசையாலேயே தாளில் ஒட்டிக்கொள்ளும். கட்டக்கோரை ஒட்டாது, ஊசி நூலால் தைக்க வேண்டும். நான் ஒருமுறை சோம்பேறித்தனப்பட்டு வேட்டித் துணி வைக்காமல் விட்டேன். மெல்லிய பச்சை உல்வாப் பாசியின்மேல் அந்த வாரத்து ராசிபலன் அப்படியே அச்சாகிவிட்டது. மகரத்துக்குப் பண வரவு என்று இன்னும் படிக்கலாம்.

தாளின் மூலையில் பென்சிலால் எழுத வேண்டியவை: தேதி, திதி, இடம், வடகடலா தென்கடலா, காற்று, முழங்கால் ஆழமா இடுப்பாழமா. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், எதைப் பிடித்திருந்தது என்பது. அலை ஒதுக்கியதாக இருந்தால் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். அடுத்த வற்றத்தில் அதே இடத்துக்குப் போய், தண்ணீருக்குள் அது நிற்கும் இடத்தைத் தேடிப் பிடித்த பிறகு அந்த வார்த்தையை அடித்துவிட்டு எழுதலாம். என் நோட்டில் இன்னும் ஏழு "தெரியவில்லை" பாக்கி.